எரிமலை இல்லாத தீவுகள்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

கப்பலில் ஏறித் தீவு தீவாகச் சுற்றி, பறவையையும் ஆமையையும் பவளத்தையும் பார்த்து வருவது என்றால் அது பணக்காரர் சமாச்சாரம் என்றுதான் நம்மில் பல பேர் நினைக்கிறோம். தொலைக்காட்சியில் கலாபகஸ் தீவுகளைக் காட்டும்போது வாயைப் பிளந்து பார்க்கிறோம். ஆனால் தூத்துக்குடிக்காரனுக்கு வீட்டு வாசலிலேயே ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் எத்தனை தீவு என்று நம் வகுப்பிலே கேட்டேன். சரியாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எரிமலைத் தீவுகள்

முதலில் தூரத்து ஊரைப் பார்த்துவிடுவோம். கலாபகஸ் தீவுகள் தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாட்டைச் சேர்ந்தவை. கரையிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கடலின் நடுவே எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை. சார்லஸ் டார்வின் 1835-ல் பீகிள் கப்பலில் போய் ஐந்து வாரம் அங்கே சுற்றினார். 1959-ல் ஈக்வடார் அரசு அதைத் தேசியப் பூங்கா ஆக்கியது. 1978-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே அது இடம்பெற்றது.

அங்கே பெரிய கப்பலுக்கு வேலை கிடையாது. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். 16 பேர் மட்டும் போகிற சின்னக் கப்பல்களே அதிகம். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கரையில் இறங்க முடியாது. குறித்த பாதையை விட்டு நடக்கக் கூடாது. வெளிநாட்டார் பூங்காவுக்குள் நுழைவதற்கான கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர். நம்ம ஊர்க் காசுக்குப் பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். இது நுழைவுக்கு மட்டும். கப்பல் செலவு, விமானச் செலவு எல்லாம் தனி.

இந்தியாவில் எரிமலைத் தீவு இல்லையா என்றால், உண்டு. அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் இருக்கிற பாரன் தீவு. நம் நாட்டில் உயிருள்ள எரிமலை அது ஒன்றுதான். நீண்ட காலம் உறங்கிக் கிடந்து 1991-ல் மறுபடி விழித்தது. அதற்குப் பிறகும் பல முறை புகைந்திருக்கிறது. படகில் இருந்தபடி பார்க்கலாமே தவிர, இறங்க முடியாது. அதுவும் நம் பைக்கு எட்டாத செலவு. ஆகவே நம் வாசலுக்கே வருவோம்.

21 தீவுகள்

பாம்பன் முதல் தூத்துக்குடி வரை சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்கு, கரைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, மாலை கோத்தது போல 21 தீவுகள் கிடக்கின்றன. இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. கடலுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் உயிர்க்கோளக் காப்பகம் இதுதான்.

தீவுகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். மனப்பாடம் செய்ய வசதியாகத் தருகிறேன்.

1. மண்டபம் கூட்டம் - 7: சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிப்புட்டி, மனோலி, முயல் தீவு.
2. கீழக்கரை கூட்டம் - 7: முள்ளி, வாலை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார்.
3. வேம்பார் கூட்டம் - 3: நல்லதண்ணி, புலுவினிச்சல்லி, உப்புத்தண்ணி.
4. தூத்துக்குடி கூட்டம் - 4: காரைச்சல்லி, விலங்குச்சல்லி, காசுவார், வான் தீவு.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாம் பஸ்ஸில் போய்ப் பார்க்கிற முயல் தீவு வேறு, மண்டபம் கூட்டத்தில் உள்ள முயல் தீவு வேறு. நம்ம முயல் தீவு கரையோடு சேர்ந்துவிட்டது. பூங்காக் கணக்கில் அது வராது.

இந்தக் கடலில் 3600-க்கும் மேற்பட்ட உயிரின வகைகள் இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பவளத்தில் மட்டும் 117 வகை. கடற்புல்லை மேய்கிற கடல் பசுவை நம்ம கரையில் ஆவுளியா என்போம். ஓங்கில் கூட்டம் துள்ளுவதைத் தோணிக்காரர்கள் பலரும் பார்த்திருக்கிறார்கள். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் மணல் திட்டுகளில் வந்து இறங்கும்.

தீவு எப்படிப் பிறந்தது?

கலாபகஸ் தீவு நெருப்பில் பிறந்தது. நம்ம தீவு உயிரில் பிறந்தது. பவளம் என்பது கல் மாதிரி தெரிந்தாலும் கல் இல்லை. ஊசித்தலை அளவுள்ள குட்டிப் பிராணிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து, கடல் நீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த வீடுகளின் தொகுப்புதான் பவளப்பாறை. மூளை வடிவத்தில் உருண்டு வளர்கிற வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். மான்கொம்பு வகை வேகமாக வளரும், ஆனால் சீக்கிரம் ஒடியும். ஒடிந்த துண்டும் மணலும் அலையில் ஒதுங்கி ஒதுங்கி, மேடு தட்டி, அதன்மேல் செடி முளைத்துத் தீவானது. நம் கரையில் பவளத் துண்டைச் சல்லி என்போம். காரைச்சல்லி, விலங்குச்சல்லி என்ற பெயர்களிலேயே அந்தச் சல்லி இருக்கிறது, கவனித்தீர்களா?

கலாபகஸ் போன அதே டார்வின்தான் 1842-ல் பவளப்பாறை பற்றியும் நூல் எழுதினார். நடுக்கடலில் எரிமலை மெல்ல மெல்ல அமிழ, அதைச் சுற்றி வளர்ந்த பவளம் மேலே மேலே வளர்ந்து கடைசியில் வளையமாக நிற்கும் என்றார். மாலத்தீவு, லட்சத்தீவு வளையங்களுக்கு இந்த விளக்கம் பொருந்தும். நம்முடையது கரையோர ஆழமற்ற கடலில் வளர்ந்த பாறை. அடியிலே எரிமலை கிடையாது.

பார் என்ற சொல்லையும் சொல்ல வேண்டும். கடலுக்கடியில் உள்ள பாறைத் தட்டைப் பார் என்பார்கள். முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்த இடம் முத்துப்பார். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் பெயர் பெற்றது. கடைசியாகப் பெரிய அளவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பாரில் சிப்பி போதுமான அளவு சேரவே இல்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில்தான் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள்.

கண்ணாடிப் படகின் சூட்சுமம்

பவளத்தைப் பார்க்க நீந்தத் தெரிய வேண்டியதில்லை. அடியில் கண்ணாடி பதித்த படகு போதும். ஏன் கண்ணாடி? மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. நீரின் மேற்பரப்பு எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நெளிவும் ஒரு லென்ஸ் மாதிரி ஒளியை வேறு வேறு பக்கம் வளைக்கிறது. அதோடு வானத்து வெளிச்சம் நீரில் பட்டுத் திரும்பி நம் கண்ணைக் கூசச் செய்கிறது. தட்டையான கண்ணாடியை நீரோடு ஒட்ட வைத்துவிட்டால் நெளிவு போய்விடும். மேலே கூரை போட்டு நிழல் தந்தால் கூச்சமும் போய்விடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் 4 மீட்டர் ஆழத்தில் இருக்கிற பவளம் 3 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். முதலாண்டு இயற்பியலில் படித்ததுதான். தேர்வுக்குப் படித்தபோது எனக்கு அது வெறும் சூத்திரம். சங்கு குளிக்கிற என் அப்பாவிடம் சொன்னபோது, "கையை நீட்டினா எட்டாது, இன்னும் கொஞ்சம் இறங்கணும்னு நாங்க சின்னதுலயே படிச்சிட்டோம்ல" என்றார்கள்.

செலவைக் குறைக்கும் கணக்கு

சின்னப் படகு ஏன் நல்லது? முதல் காரணம், அது நீரில் அமிழ்கிற ஆழம் குறைவு. நம்ம வ.உ.சி. துறைமுகத்துக்கு வருகிற சரக்குக் கப்பலுக்கு ஆழமாகத் தோண்டிய கால்வாய் வேண்டும். தீவுப் பக்கமோ நீர் இரண்டு மூன்று ஆள் ஆழந்தான். பாறைமேல் அதைவிடக் குறைவு. பைபர் படகும் வள்ளமும்தான் அங்கே போக முடியும்.

இரண்டாவது காரணம் எரிபொருள். மெதுவாகப் போகிற படகுக்கு நீர் தருகிற தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தடை நான்கு மடங்கு. அப்படியானால் அதே தூரத்தைப் பாதி வேகத்தில் கடந்தால் நீரை எதிர்க்கச் செலவாகும் ஆற்றல் கால் பங்காகக் குறைய வேண்டும். இன்ஜினுக்குள் நடக்கிற இழப்புகளால் நடைமுறையில் அவ்வளவு மிச்சம் வராது. ஆனாலும் வித்தியாசம் டேங்கில் தெரியும். மெதுவாகப் போனால் சத்தம் குறையும், ஓங்கில் மிரளாது, பவளமும் நின்று நிதானமாகக் கண்ணில் படும். அவசரம் இல்லாதவனுக்குத்தான் இந்தப் பயணம் மலிவு.

மூன்றாவது, பங்கு. ஒரு படகு ஒருமுறை போய்வர ஆகிற டீசலும் ஆள் கூலியும் இரண்டு பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கூட்டமாகப் போங்கள். ஆனால் படகில் எழுதியிருக்கிற எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட ஏறக் கூடாது. லைஃப் ஜாக்கெட் போட வெட்கப்படவும் கூடாது.

மலிவுக் கப்பல் பயணம் தூத்துக்குடிக்குப் புதிதல்ல. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரன் சும்மாவே ஏறு, குடையும் தருகிறேன் என்றானாம். அந்தப் போட்டி அதிக நாள் நிற்கவில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கி, அந்த வருடக் கடைசிக்குள்ளேயே நின்றது. அளவுக்கு மீறிய மலிவும் நிலைக்காது, ஆள் சேராத பெரிய கப்பலும் நிலைக்காது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எப்போது, எப்படிப் போவது?

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. நம்ம பக்கம் கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் பயம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கி, நீர் தெளிந்திருக்கும். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பும் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான் நடந்தது. காலை நேரம் நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

தூத்துக்குடியில் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் ஏறினால் வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம் என்று நான்கு தீவுக் கூட்டத்தையும் ஒட்டியே போகலாம். ஏர்வாடியில் வனத்துறையின் கண்ணாடிப் படகு உண்டு. பாம்பன் குந்துக்காலில் இருந்து குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறார்கள். கொழும்பிலிருந்து வந்த விவேகானந்தர் 1897-ல் கரையிறங்கிய குந்துக்கால்தான் அது. கடல் விளக்க மையமும் அங்கே இருக்கிறது. காற்றைப் பொறுத்துப் படகு நிற்கும், கட்டணமும் மாறும். ஆகையால் கிளம்பும் முன் வனத்துறையில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

வேறு தீவுகளில் அனுமதி இல்லாமல் இறங்குவது குற்றம். தெரிந்த அண்ணாச்சி படகு வைத்திருக்கிறார் என்று ஏறிவிடாதீர்கள். மாட்டினால் உங்களுக்கு வழக்கு, அவருக்குப் பிழைப்பு போச்சு. பவளத்தை எடுப்பதோ வாங்குவதோ கூடாது. 2001 முதல் பவளமும் கடல் அட்டையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அது.

கரைகிற தீவுகள்

21 தீவு என்று எழுதினேன் அல்லவா? இன்றைக்குத் தண்ணீருக்கு மேலே நிற்பவை 19. விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. முக்கியக் காரணம், பல ஆண்டு பவளத்தை வெட்டி எடுத்தது. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் வள்ளம் வள்ளமாகப் போயிற்று. பாறை நீருக்கடியில் ஒரு மதில் மாதிரி. மதிலை எடுத்துவிட்டால் அலை நேரே தீவில் மோதும், மணலை அரிக்கும்.

என் தாத்தா இளவயதில் முத்துக் குளித்தவர். அந்தப் பிழைப்பு நின்ற பிறகு கல் ஏற்றப் போனார். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. "வயித்துக்கு அள்ளினோம், வளரும்னு நெனச்சோம்" என்பார். ஒரு வள்ளம் கல்லுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு நாள் கூலி. அந்தக் கல் வளர எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்பாதான் சொன்னார்கள்: "கல்லு இருக்குற வரைக்குந்தாம்ல மீனு. கல்லு போச்சுன்னா கரையும் போச்சு."

வெட்டுவது நின்றுவிட்டது. ஆனால் கடல் சூடாகிறது. சூடு கூடினால் பவளம் தனக்குள் வாழ்கிற நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். அந்தப் பாசிதான் அதற்குப் பெரும்பாலான உணவைத் தருகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் வெளுப்பு நேர்ந்து, நிறையப் பவளம் செத்தது.

வான் தீவின் கதை நம்பிக்கை தருவது. 1986-ல் 16 ஹெக்டேர் இருந்தது, 2014 வாக்கில் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. 2015-க்குப் பிறகு அதைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் கூடுகளைக் கடலடியில் இறக்கினார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இந்தப் பணியில் பங்கெடுத்தன. கூடு அடி அகன்று மேலே குறுகி, பக்கமெல்லாம் ஓட்டையாக இருக்கும். அலையை முழுக்கத் தடுத்தால் கூடே புரண்டுவிடும். ஓட்டை வழியே பாதியை விட்டுப் பாதியை உடைப்பதுதான் உபாயம். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் பாதியானால் ஆற்றல் கால் பங்கு. அரிப்பு குறைந்தது, மணல் மெல்லச் சேர்ந்தது. கூட்டின் மேலே பவளக் குஞ்சு ஒட்டி வளர்கிறது, மீனும் வந்து அடைகிறது. சிவில் நண்பர்களே, நீங்கள் படிக்கிற கான்கிரீட் ஒரு தீவைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

யாருக்கு வேலை?

தீவைப் பூங்கா ஆக்கியபோது, தலைமுறையாக அங்கே வலை காயப்போட்டு வந்தவர்கள் ஒதுங்க வேண்டி வந்தது. அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு. "நாங்க எறங்குனா குத்தம், டிக்கெட் வாங்குனவன் எறங்குனா சுற்றுலாவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் தோன்றுகிற பதில் ஒன்றுதான். அந்த டிக்கெட் காசில் கரைக்காரனுக்குப் பங்கு வர வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுவதை வனத்துறையோடு சேர்ந்து அந்த ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். கலாபகஸில் வழிகாட்டி இல்லாமல் யாரும் இறங்க முடியாது என்றால், இங்கேயும் அந்த வழிகாட்டி சங்கு குளித்தவராகவோ அவர் பிள்ளையாகவோ இருக்கலாமே. எந்தப் பாரில் எந்த மீன் அடையும், எந்தக் காற்றில் நீர் கலங்கும் என்பது அவருக்குப் புத்தகம் பார்க்காமல் தெரியும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் மட்டுந்தான். படித்து முடித்ததும் கோயம்புத்தூர் போ, சென்னை போ என்கிறார்கள். போகலாம். ஆனால் படகுக்கு இன்ஜின் பார்க்க, கண்ணாடித் தட்டு கசியாமல் பதிக்க, நங்கூரம் பாறைமேல் விழாதபடி மிதவை கட்டி வைக்க இங்கேயும் டிப்ளமோ படித்தவன் வேண்டும் என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.

நண்பர்களே, இந்த ஜனவரியில் விடுமுறை கிடைத்தால் பத்துப் பேராகச் சேர்ந்து ஒரு நாள் போய் வாருங்கள். பஸ் காசும் படகுக் காசும் கட்டுச்சோறும் போதும். படகில் ஏறியதும் அடியிலே மட்டும் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவரிடமும் பேச்சுக் கொடுங்கள். கண்ணாடியில் தெரியாத பாதிக் கடலை அவர் சொல்வார்.